வெள்ளை மாத்திரையில் பாதி

லேபில் இருந்த பெண் என் மனைவியின் ரத்த டெஸ்ட் தாளை உடனே என் கையில் கொடுக்கவில்லை. அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "சார், டீச்சர் ரத்தத்துக்குப் போடற மாத்திரைய நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அத எதுக்கும்மா நிறுத்தறோம்? ஆயுசுக்கும் போடற மாத்திரை அது. உனக்குத் தெரியாதா?" என்றேன். என் குரல் அப்போதே கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. காலையில் கொடுத்த ரத்தத்துக்கு மதியம் வரை காக்க வைத்துவிட்டார்களே என்ற எரிச்சல்.

"இல்ல சார், ஒன்னு புள்ளி ரெண்டுதான் காட்டுது. சந்தேகமா இருந்துச்சி, அதான் ரெண்டாவது தடவையும் போட்டுப் பாத்தேன்."

என் மனைவிக்கு இதயத்தில் பழுதாகிப்போன ஒரு வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. உடம்புக்குள் அந்நியப் பொருள் ஒன்று வந்து உட்கார்ந்தால் ரத்தம் அதன் மேல் உறையப் பார்க்குமாம். உறையாமல் இருக்க ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை ஒன்று தினமும் போட வேண்டும். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் இந்த டெஸ்ட். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் நல்லது. குறைந்தால் கட்டி உருவாகி வால்வில் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் அங்கிருந்து கிளம்பி மூளைக்குப் போகும். டிஸ்சார்ஜ் அன்று எங்கள் இருவரையும் எதிரில் உட்கார வைத்து, சின்னப் பிள்ளைகளிடம் கேட்பது போல இதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நான் தப்பில்லாமல் சொன்னேன். அதனால் எனக்குத் தெரியும். ஒன்று என்பது மாத்திரையே போடாத, என்னைப் போன்ற ஆளின் ரத்தம்.

நான் வெலவெலத்துப்போனேன். ஆனால் வெலவெலத்துப்போனால் சும்மா நிற்கிற ஆளா நான்? "மிஷின் கெட்டுப்போயிருக்கும். சரியா பாக்கத் தெரியலன்னா எதுக்கு லேப் வெச்சிகினு இருக்கீங்க?" என்று கத்தினேன். காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் தாளை மடித்து உறையில் போட்டு நீட்டினாள். "மெடிக்கல்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க சார். மாத்திரை மாறிப்போச்சோ என்னமோ" என்று மட்டும் சொன்னாள்.

மாத்திரை மாறுவதா? என்னிடமா? அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

எனக்குத் தொழில் சாயம். ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் நெய்வதற்கு முன்னால் பட்டு என்னைப் போன்ற ஆள் கைக்குத்தான் வரும். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளி பாதி நெய்த சேலையின் ஓரத்திலிருந்து அரை விரல் நூலைக் கிள்ளிக்கொண்டு வந்து, "இதே அரக்கு வேணும்ணா, ஒரு நூல் அளவுகூட மாறக் கூடாது" என்பார். நான் அந்த நூலை வெயிலில் ஒரு தரம், நிழலில் ஒரு தரம் பிடித்துப் பார்ப்பேன். அவ்வளவுதான். கொதிக்கிற தொட்டியில் எந்தப் பொடி எத்தனை சிட்டிகை என்று கை தானாகப் போடும். தராசு, குறிப்பு நோட்டு எதுவும் கிடையாது. கம்ப்யூட்டரில் நிறம் பார்த்துச் சொல்லும் மெஷின் வந்தபோதும், "அது எனக்கு அசிஸ்டென்டா வேலைக்குச் சேரட்டும், பாப்போம்" என்று சொன்னவன். ஊரில் எனக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று, கண் நல்ல கண். இன்னொன்று, வாய் மோசமான வாய். இரண்டுமே எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஒரு பை நிறைய மாத்திரை வந்தது. அவள் சந்தவாசல் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டுக் காகிதம், வங்கி, வரி எல்லாம் அவள்தான் பார்ப்பாள். ஆனால் நெஞ்சைப் பிளந்து மூடியவளிடம் மாத்திரையையும் கொடுத்து நீயே பார்த்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? நான் எடுத்துக்கொண்டேன். அட்டையில் எழுதியிருந்த ஆங்கிலப் பெயர்கள் எனக்கு வாயில் நுழையவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து வேறு. அதனால் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். வாங்கி வந்ததுமே எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, சாயப்பொடி வருகிற சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, நிறம் நிறமாகப் பிரித்துப் போட்டுவிட்டேன். அட்டைகள் குப்பைக்குப் போயின.

"சாய டப்பாவுலயாங்க போடுவீங்க?" என்று அவள் கேட்டாள்.

"மூணு தடவை சோப்பு போட்டுக் கழுவியிருக்கேன். நீ முழுங்கு" என்றேன்.

காலையில் வெள்ளை. அது இதயத்துடிப்பை அடக்கி வைக்கும் மாத்திரை. ஆபரேஷனுக்குப் பிறகு துடிப்பு தாறுமாறாக ஓடியதால் கொடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ரோஸ். அது ரத்தத்துக்கு. நடுவில் ஒரு மஞ்சள், கொஞ்ச நாள் ஒரு பழுப்பு. ஆறு மாதம் ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஆறாவது மாத முடிவில் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரே பாராட்டினார். ரத்த டெஸ்ட் சரியாக இருந்தது. துடிப்பும் ஒழுங்காகிவிட்டது. ஆனால் அவளுக்கு எந்நேரமும் அசதி, கை கால் சில்லிட்டுப்போய், எழுந்தால் தலை சுற்றல். அது துடிப்பு மாத்திரையின் வேலை, இனி அது தேவையில்லை, மெதுவாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார்.

"ஆனா திடீர்னு நிறுத்தக் கூடாது" என்று விரலை நீட்டினார். "அடக்கி வெச்சிருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல ஓட ஆரம்பிக்கும். ரெண்டு வாரம் பாதி மாத்திரை. அடுத்த ரெண்டு வாரம் கால் மாத்திரை. அப்புறம் நிறுத்துங்க. நடுவுல படபடப்பு வரும், கொஞ்சம் மூச்சு வாங்கின மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. அதிகமானா மட்டும் வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க."

எல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஊருக்கு வந்து இறங்கியதும் வழக்கமான மெடிக்கலில் அடுத்த மாத மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் கொடுக்கும்போது ஏதோ சொன்னார். கம்பெனி என்று காதில் விழுந்தது. எனக்கு அப்போது பட்டறையிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. ஒரு முகூர்த்த ஆர்டர், மயில் கழுத்து நிறம் சரியாக வரவில்லை என்று புலம்பல். "சரி சரி, குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்து, வழக்கம்போலப் பிதுக்கி, வழக்கம்போல டப்பாவில் போட்டேன்.

இங்கே நான் எழுதப்போவதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன். புதிதாக வந்த ரோஸ், பழைய ரோஸ் இல்லை. பழையது கனகாம்பரத்தின் பக்கம் சாயும். புதியது வெங்காயத் தோலின் பக்கம். கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது. வெள்ளையை நான் உற்றுப் பார்க்கவே இல்லை, வெள்ளையில் பார்க்க என்ன நிறம் இருக்கிறது? அதை உள்ளங்கையில் வைத்து ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்து, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, மாத்திரை கம்பெனிக்காரனுக்கு லாட்டுக்கு லாட் நிறம் மாறுது. நம்ம பட்டறையில இப்படிப் போட்டா மாஸ்டர் வீவர் மூஞ்சியிலயே வீசுவாரு" என்று சொல்லிச் சிரித்தேன். ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நிறம் கொஞ்சம் விலகுவது எனக்கு அன்றாடம் பார்க்கிற விஷயம். வேறு யாராக இருந்தாலும், நிறம் மாறியிருக்கிறதே, மருந்தும் மாறியிருக்குமோ என்று பயந்திருப்பார்கள். நான் சாயக்காரன். எனக்கு அது சாயத்தின் தப்பாக மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையிலிருந்து வெள்ளை மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டிக் கொடுத்தேன்.

படபடப்பு வரவே இல்லை. முதல் வாரம் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்தேன். "ஏதாச்சும் பண்ணுதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டேன். "ஒன்னும் பண்ணலங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், டாக்டர் என்னமோ பயமுறுத்தினார், நான் வெட்டிக் கொடுக்கிற பக்குவத்தில் அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னபோது, பாதி ஸ்தோத்திரம் எனக்குத்தான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் ஆனதும் எடுக்க வேண்டிய டெஸ்ட்டை எடுக்கவில்லை. மயில் கழுத்து ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. அவள்தான் நன்றாக இருக்கிறாளே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வெள்ளையைக் கால் ஆக்கினேன்.

மூன்றாவது வாரம் மாடிப்படி ஏறி வந்தவள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. டாக்டர் சொன்னாரே, கொஞ்சம் வாங்கும் என்று. சரியாகத்தான் போகிறது என்றேன். அந்த மெட்டல் வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் டிக் டிக் என்று சத்தம் போடும். வீடு அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்கே கேட்கும். கடிகாரத்தை முழுங்கியவள் என்று அவளைக் கிண்டல் செய்வேன். நாலாவது வாரம் ஒரு மத்தியானம் அவள் சொன்னாள், "ஏங்க, சத்தம் கம்மியாயிட்ட மாதிரி இருக்குது."

நான் காதை வைத்துக் கேட்டேன். உண்மைதான். துணியைச் சுற்றி வைத்த மாதிரி மங்கலாகக் கேட்டது. "மாத்திரை குறையக் குறைய இதயம் அமைதியாவுது. நல்லதுதானே?" என்றேன்.

நல்லது என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

அந்தச் சத்தம் மங்கியது அவளுக்கு என்னவோ உறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை, என்னைக் கேட்காமல் அவளே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். மதியம் ரிசல்ட் வாங்கப் போனவன் நான். இருபத்தாறாவது நாள் அது.

லேபிலிருந்து நேராக மெடிக்கலுக்குப் போனேன். போகும்போதே கடைக்காரரை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதில் அடுக்கிக்கொண்டு போனேன். கல்லாவுக்கு முன்னால் நின்று, "இன்னா மாத்திரைய்யா குடுத்தீங்க? டூப்ளிகேட்டா? மனுஷ உயிரோட விளையாடறீங்களா?" என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் நிதானமான ஆள். என்னைக் கத்தவிட்டார். கத்தி முடிந்ததும் உள்ளே போய் இரண்டு அட்டை எடுத்து வந்தார்.

"போன மாசம் உங்க கம்பெனி ரெண்டுமே ஸ்டாக் இல்ல சார். வேற கம்பெனி குடுத்தேன். மருந்து அதேதான், பேரும் அதேதான். கலர்தான் மாறியிருக்குது, அட்டையைப் பாத்துப் போடுங்கன்னு சொன்னேனே. நீங்க போன்ல பேசிகினு இருந்தீங்க."

அட்டைக்கு ஒன்றாகப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று வெள்ளை, ஒன்று வெங்காயத் தோல் ரோஸ். "இந்த வெள்ளதான் ரத்தத்துக்கு. ரோஸு, ஹார்ட் பீட்டுக்கு."

நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தக் கண்ணால் எத்தனை ஆயிரம் சிட்டம் பட்டு நூலுக்கு நிறம் பார்த்திருப்பேன். இருபத்தாறு நாளாக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த மாத்திரையை நான் பிளேடால் பாதியாக வெட்டி, பிறகு காலாக வெட்டிக் கொடுத்திருக்கிறேன். குறைக்க வேண்டியதை ஒரு துளிகூடக் குறைக்காமல் சாயங்காலம் ஆறு மணிக்கு மணியடித்த மாதிரி கொடுத்திருக்கிறேன். படபடப்பு எப்படி வரும்? கடைக்காரர் "சார், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது. வண்டி சாவியை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். அதுகூட மறுநாள் அவர் போன் செய்து சொன்னபோதுதான் தெரியும்.

கார் பிடித்து வேலூருக்குக் கிளம்பினோம். அவள் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணமங்கலம் தாண்டிய பிறகு, லேபில் கத்தியது, மெடிக்கலில் கத்தியது எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னேன். "நான்தான் மாத்திக் குடுத்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"இருபத்தாறு நாளா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது, ஜெபம் பண்ணினாளோ, கணக்குப் போட்டாளோ தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "டிரைவர் தம்பிகிட்ட சொல்லுங்க, கொஞ்சம் ஜல்தியா போவட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். ஒரு பெண் டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தார். சின்ன வயசு. தாளைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், முகம் மாறியது. "மாத்திரை யாரு குடுக்கறது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கட்டிலில் இருந்து, இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியபடி அவள் சொன்னாள், "நானேதான் டாக்டர் எடுத்துக்கினேன். கலரைப் பாத்து... மாத்திப் போட்டுட்டேன்."

அந்த டாக்டர் பொரிந்து தள்ளிவிட்டார். "நீங்க டீச்சர்தானே? படிச்சவங்கதானே? பேரைப் பாத்துப் போடத் தெரியாதா? இது உயிர் விஷயம்னு எத்தனை தடவை சொல்லி அனுப்பறோம்?" அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "தப்புதான் டாக்டர், தப்புதான்" என்றாள். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். இல்லை, நான்தான் என்று சொல்ல ஒரு வினாடி போதும். அந்த வினாடி போனது. அடுத்ததும் போனது. பிறகு அவளை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வால்வின் ஒரு பக்கத்தில் கட்டி ஒட்டியிருந்தது. வால்வுக்குள் இருக்கும் இரண்டு கதவில் ஒன்று சரியாகத் திறக்கவில்லை, சத்தம் மங்கியது அதனால்தான். கரைக்க மருந்து ஏற்ற வேண்டும், அந்த மருந்தினால் மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு, ஏற்றாவிட்டால் இன்னும் ஆபத்து என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்ட பெயர் கோட்டை விட்டு வெளியே போய்விட்டது. வெளியே லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுதேன். பயத்தில் பாதி. மீதிப் பாதி, அவள் என்னைக் காப்பாற்றினாளே என்று. சாகக் கிடக்கும்போதும் புருஷனை விட்டுக்கொடுக்காத பெண் எனக்கு வாய்த்திருக்கிறாள் என்று. எப்படிப்பட்ட சுகமான அழுகை அது! நினைத்தால் இப்போது கூசுகிறது.

கட்டி கரைந்தது. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் இருக்கும் மகள் போனில் அவள் அம்மாவைத்தான் திட்டினாள். "கணக்கு டீச்சருக்கு ரெண்டு மாத்திரையை எண்ணத் தெரியலையாம்மா?" என்றாள். சர்ச்சில் பெண்கள் சுற்றி நின்று, "நீங்களே இப்படிப் பண்ணலாமா டீச்சர்?" என்றார்கள். பள்ளியிலிருந்து பார்க்க வந்தவர்களும் அதையேதான் வேறு வார்த்தையில் சொன்னார்கள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். நான் எல்லோருக்கும் காபி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். "பொண்டாட்டியை எப்படிப் பாத்துக்கறாரு பாரு" என்று ஒருவர் சொன்னதையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து துடிப்பு மாத்திரையை மறுபடியும், இந்த முறை நிஜமாகவே, குறைக்கச் சொன்னார்கள். இப்போது மாத்திரை எல்லாம் அட்டையோடு அவள் கைப்பையில். அவளே பெயரைப் படித்து, அவளே உடைத்துப் போட்டுக்கொள்வாள். எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். காலையும் மாலையும் நாடி பிடித்து ஒரு நிமிஷம் எண்ணிச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டுகிற மெஷின் இருந்தது, ஆனால் அவள் விரல் சில்லென்று இருந்தால் அது எண்ணைக் காட்டாமல் முழித்துக்கொண்டு நிற்கும். "உங்களுக்கும் ஒரு வேலை வேணுமே" என்றாள்.

பாதி மாத்திரை தொடங்கி மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டு உட்கார்ந்தபோது வந்தது. "ஏங்க, இங்க வாங்க. என்னமோ ஓடுது" என்றாள். நெஞ்சில் கை வைத்திருந்தாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. டாக்டர் சொன்ன படபடப்பு இதுதான் என்று அப்போது புரிந்தது. இதைத்தான் முதல் தடவை வரவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நூற்று நாலு. பயப்படுகிற அளவு இல்லை, உட்கார்ந்தால் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எண்ணலாம் என்று கையை விடாமலே உட்கார்ந்திருந்தேன். மெதுவாக இறங்கிக்கொண்டுதான் வந்தது. வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்கு மனசு இளகியிருந்தது. எத்தனையோ நாளாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில, நீயே மாத்திப் போட்டுக்கினேன்னு ஏன் சொன்னே?"

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். உங்களை எப்படிங்க விட்டுக்குடுப்பேன் என்பாள். அதைக் கேட்டு இன்னொரு தரம் அழலாம் என்றுகூட இருந்தேன் போல.

அவள் கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி, கோபம் எதுவும் இல்லாமல் சொன்னாள்.

"நீங்கன்னு சொல்லியிருந்தா அந்த டாக்டரம்மா உங்களைத் திட்டியிருப்பாங்க. நீங்க சும்மா கேட்டுக்கினு இருப்பீங்களா? லேப் பொண்ணுகிட்ட கத்திட்டு வந்தீங்க. மெடிக்கல்ல கத்திட்டு வந்தீங்க. அங்கயும் கத்தியிருப்பீங்க. எனக்கோ மூச்சு முட்டிகினு இருக்குது. அவங்க உங்ககூட மல்லுக்கு நின்னா எனக்கு யாரு ஊசி போடறது? அதான் என் மேல போட்டுக்கினேன். திட்டிட்டு சீக்கிரம் வைத்தியத்தைப் பாப்பாங்கன்னு."

பேயறைந்தது போல என்பார்களே, அப்படி உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் என் கையில் இரண்டு மாத்திரையை வைத்தபோதுகூட இப்படி இல்லை. அது என் கண் செய்த தப்பு. இது என்ன? சாவு பக்கத்தில் நிற்கும்போது, இருக்கிற மூச்சில், அவள் கட்டியைப் பற்றிப் பயப்படவில்லை. என்னைப் பற்றித்தான் பயந்திருக்கிறாள்.

"உயிர் போற நேரத்துல கத்துவேனா நானு? ஆஸ்பத்திரியில போய்க் கத்துவேனா? என்னைப் பத்தி இவ்ளோதான் தெரியுமா உனக்கு?"

கூடம் முழுக்க என் குரல்தான். அதே நொடியில் என் விரலுக்கு அடியில் அவள் நாடி துள்ளியது. தட்டித் தட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி ஓடியது. எண்ணிக்கை தவறிவிட்டது.

முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கல்யாணமாகி இருபத்தேழு வருஷமாக நான் சத்தம் போடும்போதெல்லாம் பார்த்த அதே முகம். இவளுக்கு உறைக்கவே உறைக்காது, என் கத்தல் இவள் மேல் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மாத்திரை முழுசாக இருந்த இத்தனை மாதமும் அவள் இதயத்தை அது அடக்கி வைத்திருந்தது. அதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அதை அடக்கி வைத்திருந்தது யார் என்று நான் கேட்டதில்லை. ஒரு நாளும் அவள் கையைப் பிடித்து எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடிகாரத்தைக் கண்ணால் காட்டினாள்.

"எவ்ளோ வருதுங்க?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.